ஒரு டாலர் புத்தகமும் என் ரூம்மேட்டும்

(நம் முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் 2005-09 பேட்ச் சார்பில் பேசியது. மலருக்காக எழுதிக் கொடுக்கும்போது இரண்டொரு இடங்களில் வரிகளைச் சேர்த்திருக்கிறேன்.)



பேட்சுக்கு ஒருவர் வந்து 'என்னைப் பாதித்த புத்தகம்' பற்றிப் பதினைந்து நிமிஷம் பேச வேண்டும் என்று செயலாளர் போனில் சொன்னார். எங்கள் பேட்சில் என்னைவிட நன்றாகப் பேசுகிறவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். அந்தப் பத்துப் பேரும் சேர்ந்துதான் என் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசிய அண்ணன் 'அக்னிச் சிறகுகள்' பற்றி அருமையாகச் சொன்னார். அதற்கு முன்னால் திருக்குறள். நான் கொண்டு வந்திருப்பது அமெரிக்காவில் பதிமூன்று, பதினான்கு வயசுப் பிள்ளைகள் படிக்கிற ஒரு கதைப் புத்தகம். சிரிக்காமல் கேட்க வேண்டும்.

புத்தகத்தின் பெயர் 'ஸ்டார்கர்ல்'. எழுதியவர் ஜெர்ரி ஸ்பினெல்லி. 1941-இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். சிறுவர்களுக்கும் இளையோருக்கும் எழுதுவதையே வாழ்க்கையாகக் கொண்டவர். 'மேனியாக் மகீ' என்ற நாவலுக்காக 1991-இல் நியூபெரி பதக்கம் பெற்றார். சிறுவர் இலக்கியத்துக்கு அங்கே அதுதான் பெரிய மரியாதை. 'ஸ்டார்கர்ல்' வந்தது 2000-இல். அப்போது நாம் பிளஸ் டூ பக்கமே வரவில்லை. வந்த செய்தியும் நமக்குத் தெரிய வழியில்லை.

எனக்கு அது கிடைத்தது 2016-இல். ஆபீஸ் வேலையாக இரண்டு வருஷம் அரிசோனா மாநிலம் சேண்ட்லரில் இருந்தேன். பீனிக்ஸ் நகரத்தை ஒட்டிய ஊர். கோடையில் சர்வசாதாரணமாக நாற்பத்து மூன்று டிகிரி அடிக்கும். வேலூர்க்காரன் நான், வெயிலைப் பற்றி எனக்குத் தெரியும் என்று பெருமை பேசிப் போனவன், ஒரே வாரத்தில் வாயை மூடிக்கொண்டேன். சனிக்கிழமைகளில் ஏசிக்காகவே லைப்ரரிக்குப் போவோம். பழைய புத்தகங்களைக் கழித்து ஒரு ரேக்கில் ஒரு டாலருக்குப் போட்டிருப்பார்கள். இந்தப் புத்தகத்தின் அட்டையில் ஒரு நட்சத்திரம், அதன் கீழே குச்சி குச்சியாக ஒரு பெண்ணுருவம். குழந்தைப் புத்தகம் போலிருக்கிறது, மகள் வளர்ந்தால் படிப்பாள் என்று வாங்கினேன். அவளுக்கு அப்போது இரண்டு வயசு. அன்று ராத்திரி தூக்கம் வராமல் புரட்டியவன், முடித்துவிட்டுத்தான் கீழே வைத்தேன். முடித்த பிறகும் தூக்கம் வரவில்லை என்பது வேறு விஷயம்.

கதை நடக்கிற ஊர் மைக்கா. கற்பனை ஊர், ஆனால் அரிசோனா பாலைவனம் நிஜம். ஆளைவிடப் பல மடங்கு உயரமாக நிற்கும் சவாரோ கள்ளிகள் நிஜம். அதற்கு முதல் கிளை முளைக்கவே ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகுமாம். எங்கள் அப்பார்ட்மெண்ட் வாசலில் நின்ற கள்ளிக்கு இரண்டு கிளை. அதற்கு என்ன வயசிருக்கும் என்று தினமும் கணக்குப் போட்டுக்கொண்டே பஸ்ஸுக்கு நிற்பேன்.

அந்த ஊர் ஹைஸ்கூலில் பதினோராம் வகுப்புப் படிக்கிற லியோ என்ற பையன்தான் கதையைச் சொல்கிறான். அமெரிக்காவில் ஹைஸ்கூல் என்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. அங்கே மார்க்கைவிடப் பெரிய பரீட்சை ஒன்று உண்டு. மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் யார் எந்த மேஜையில் உட்காருகிறார்கள் என்பதுதான் அது. 'பாப்புலர்' என்பது அங்கே கிட்டத்தட்ட ஒரு பதவி. நமக்குப் புரியாததா என்ன? நம் மெஸ்ஸில் தண்ணீர் டிரம் பக்கத்து மேஜைக்கு யார் உட்காரலாம் என்று சட்டப் புத்தகத்திலா எழுதியிருந்தது? ஆனாலும் முதல் வருஷத்துப் பையன் ஒருத்தன் அங்கே உட்கார்ந்ததுண்டா?

இந்தப் பள்ளிக்கு, அதுவரை வீட்டிலேயே படித்த ஒரு பெண் பத்தாம் வகுப்பில் வந்து சேருகிறாள். தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் ஸ்டார்கர்ல். விசித்திரமான உடைகள். தோளில் யூகலேலி, நாலு கம்பி வைத்த குட்டி கிட்டார் மாதிரி ஒரு வாத்தியம். கூடவே செல்லமாக வளர்க்கும் ஒரு எலி. சாப்பாட்டுக் கூடத்தில் யாருக்குப் பிறந்தநாளோ அவர்கள் முன்னால் போய் நின்று வாழ்த்துப் பாடுவாள். முன்பின் தெரியாதவர்களுக்கு வாழ்த்து அட்டை அனுப்புவாள். சின்னப் பிள்ளைகள் கண்டெடுத்துச் சந்தோஷப்படட்டும் என்று நடைபாதையில் சில்லறைக் காசு போட்டுவிட்டுப் போவாள்.

பிள்ளைகள் முதலில் மிரளுகிறார்கள். பிறகு வேடிக்கை பார்க்கிறார்கள். பிறகு பிடித்துப் போகிறது. சியர்லீடர் குழுவில் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆட்டத்தில் தங்கள் அணியை உற்சாகப்படுத்தி ஆடிப் பாடுகிற குழு அது. அதில் இடம் கிடைத்தாலே பள்ளியில் பெரிய ஆள். அவளைப் பார்த்து மற்றவர்களும் யூகலேலி வாங்குகிறார்கள்.

இங்கேதான் கதை திரும்புகிறது. இந்தத் திருப்பத்துக்காகவே ஸ்பினெல்லிக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். அவள் கூடைப்பந்து ஆட்டத்தில் எதிரணி பந்து போட்டாலும் கைதட்டுவாள். ஆரம்பத்தில் அதையும் ரசித்தார்கள். எப்படி ரசிக்க முடிந்தது? ஏனென்றால் மைக்கா அணி எப்போதும் தோற்கிற அணி. அவர்களிடம் இழக்க எதுவும் இல்லை. அந்த வருஷம் பார்த்து அணி ஜெயிக்கத் தொடங்குகிறது. ஜெயித்துக்கொண்டே போகிறது. ஊரே மைதானத்துக்கு வருகிறது. இப்போதும் அவள் எதிரணிக்குக் கைதட்டுகிறாள். அடிபட்டு விழுந்த எதிரணி ஆட்டக்காரன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். நேற்று வரை வேடிக்கையாக இருந்த அதே காரியம் இன்றைக்குத் துரோகமாகிவிட்டது. கடைசியில் அணி தோற்றதும் ஊர்க்கோபம் மொத்தமும் அவள் மேல் திரும்புகிறது. அவள் முகத்தில் தக்காளி வந்து விழுகிறது.

அவள் கொஞ்சமும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். மாறியது ஸ்கோர் போர்டு.

அதற்குப் பிறகு பள்ளி அவளை ஒதுக்குகிறது. நம் ஊரில் தள்ளி வைப்பது என்றால் பஞ்சாயத்து கூடும், தண்டோரா போடுவார்கள். அங்கே அதெல்லாம் இல்லை. யாரும் திட்டவில்லை, யாரும் அடிக்கவில்லை. யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இதற்குள் லியோவுக்கும் அவளுக்கும் காதல். காதலின் முதல் நாட்களில் ஊர் பேசாதது அவனுக்கு உறைக்கவே இல்லை. உறைத்த பிறகு அவனால் தாங்க முடியவில்லை. அவளோடு நடந்தால் அவனும் கண்ணுக்குத் தெரியாதவன் ஆகிவிடுகிறான். காலை வணக்கம் சொன்னால் பதில் வருவதில்லை.

நான் செய்கிற வேலையைப் பற்றி ஒரு நிமிஷம் சொல்ல அனுமதியுங்கள். கார்களுக்குள் போகிற சிப்புகளைச் சோதிப்பது என் பிழைப்பு. ஒவ்வொரு அளவுக்கும் ஒரு வரம்பு உண்டு. உதாரணத்துக்கு லீக்கேஜ் கரண்ட் பத்து மைக்ரோ ஆம்பியருக்குள் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லாட்டில் எல்லாச் சிப்பும் இரண்டு காட்டுகிறது, ஒன்றே ஒன்று ஏழு காட்டுகிறது. ஏழும் வரம்புக்குள்தான். பாஸ்தான். ஆனாலும் அதைத் தூக்கிப் போட்டுவிடுவோம். கூட்டத்தோடு ஒட்டாதது பின்னால் சீக்கிரம் பழுதாகலாம் என்பது அனுபவம். இதற்கு 'பார்ட் ஆவரேஜ் டெஸ்டிங்' என்று பெயர். சிப்புக்கு அது சரியான காரியம்; பிரேக் போடும்போது காலை வாரக் கூடாதில்லையா? வருஷக்கணக்காகச் செய்த வேலை. அன்று ராத்திரி அந்தப் பக்கங்களைப் படிக்கும்போதுதான் முதல் தடவையாக அது எனக்கு உறுத்தியது.

லியோ என்ன செய்கிறான்? ஒரு நாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு அவளிடம் கேட்டுவிடுகிறான், எல்லோரையும் மாதிரி இருக்கக் கூடாதா என்று. ஊர் செய்ய முடியாததை ஊர் சார்பில் அவன் செய்து முடிக்கிறான். தக்காளி வீசியவனுக்கு அவள் பணியவில்லை. காதலிக்கிறவனுக்குப் பணிகிறாள்.

அதன் பிறகு அவள் சாதாரண உடையில் வருகிறாள். எலி இல்லை, யூகலேலி இல்லை. பெற்றோர் வைத்த பெயரான சூஸன் என்றே தன்னை அழைக்கச் சொல்கிறாள். லியோவுக்கு ஒரே ஆனந்தம். ஆனால் ஊருக்கு அது போதவில்லை, அப்போதும் யாரும் பேசவில்லை. பீனிக்ஸில் மாநில அளவில் பேச்சுப் போட்டி. அதில் ஜெயித்து வந்தால் பள்ளியே திரண்டு வரவேற்கும், பழையபடி எல்லோருக்கும் பிடித்தவளாகிவிடலாம் என்று முழுசாக நம்புகிறாள். ஜெயித்தும் விடுகிறாள். பரிசோடு திரும்பி வந்து பள்ளி வளாகத்தில் கார் நிற்கும்போது அங்கே கூட்டமில்லை. விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர் மட்டும் நிற்கிறார்கள். அந்தப் பக்கத்தை நான் அன்று இரண்டு தடவை படித்தேன். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட முடியவில்லை.

அத்தோடு சூஸன் முடிந்தாள், மறுபடி ஸ்டார்கர்ல்தான். லியோவுக்கு அதைத் தாங்கும் தெம்பு இல்லை, மெல்ல விலகிக்கொள்கிறான். வருஷக் கடைசி நடன விழாவுக்கு அவளை அழைப்பதில்லை. விழா நடக்கிற இடத்துக்கு சைக்கிளில் போய், வெளியே இருட்டில் நின்று, அவள் ஆடுவதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டம் அவள் பின்னால் போவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். அன்றைக்கே அவள் ஊரை விட்டுப் போய்விடுகிறாள்.

கதையில் ஆர்ச்சி என்று ஒரு பெரியவர் வருகிறார். எலும்புகளையும் புதைபடிவங்களையும் ஆராய்ந்து ஓய்வு பெற்றவர், வீட்டுக் கள்ளியோடு பேசுகிறவர். லியோ அவரிடம் போய்ப் புலம்பும்போது அவர் புத்திமதி சொல்வதில்லை, ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். உனக்கு யாருடைய பிரியம் முக்கியம், அவளுடையதா, மற்றவர்களுடையதா? லியோவால் பதில் சொல்ல முடியவில்லை.

புத்தகத்தில் குறையே இல்லையா? உண்டு. ஸ்டார்கர்லுக்குக் கோபமே வருவதில்லை. பதினைந்து வயசில் அப்படி ஒரு பெண்ணை நான் பார்த்ததில்லை. அவள் அப்பா அம்மா இரண்டு பேரும் நிழல் மாதிரி வந்து போகிறார்கள். அவள் செய்வதெல்லாம் சரியுமில்லை. அழைக்காத துக்க வீட்டுக்குப் போய் நிற்கிறாள். அந்த வீட்டார் விரட்டுகிறார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. 2007-இல் அவள் பார்வையில் இரண்டாம் பாகம் வந்தது. 2020-இல் டிஸ்னியில் படமாகவும் வந்தது. பாட்டெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அந்த ஊர் மௌனம் எனக்குப் படத்தில் கிடைக்கவில்லை. இந்தக் கதையைப் படித்துவிட்டு அமெரிக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் ஸ்டார்கர்ல் பெயரில் மன்றங்கள்கூடத் தொடங்கினார்கள். எல்லோரும் தாங்கள் ஸ்டார்கர்ல் பக்கம் என்றுதான் நினைத்துக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. படிக்கும்போது நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன், நூற்றுச் சொச்சம் பக்கம் வரைக்கும்.

இப்போது என் ரூம்மேட் கதைக்கு வருகிறேன். பெயர் சொல்லப் போவதில்லை. எங்கள் பேட்ச்காரர்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது.

செய்யாறு பக்கத்து ஊர்க்காரன். அப்பா தெருக்கூத்தில் வேஷம் கட்டுகிறவர். இவனுக்கும் அந்தக் குரல். காலை ஐந்தரைக்கு ஹாஸ்டல் குளியலறையில் துரியோதனன் வருகைப் பாட்டை எடுத்தான் என்றால் மூன்று மாடியும் எழுந்துவிடும். மெஸ்ஸில் பரிமாறுகிறவர்களை மாமா என்றுதான் கூப்பிடுவான். யாருக்காவது காய்ச்சல் என்று தெரிந்தால் கூப்பிடாமலே கஞ்சி வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துகொள்வான். பழக்கமில்லாத சீனியர் அறையாக இருந்தாலும் சரி. முதல் வருஷம் அவன்தான் ஹாஸ்டலின் செல்லப்பிள்ளை. ஹாஸ்டல் டேயில் அவன் பாட்டுக்கு விழுந்த விசிலில் வார்டன் காதைப் பொத்திக்கொண்டார்.

இரண்டாம் வருஷம் நம் கலைக்குழு சென்னையில் ஒரு கல்லூரி விழாவுக்குப் போனது. அங்கே இவன் மேடையில் கூத்துப் பாட்டைப் பாட, கீழேயிருந்து ஊளையிட்டார்கள். நம்மவர்களுக்கு மானம் போய்விட்டது. திரும்பி வந்த பஸ்ஸில் யாரும் அவனோடு பேசவில்லை. மறுநாள் ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டது. கூத்தாடி. முந்தின வருஷம் விசிலடித்த அதே வாய்கள்தான். எங்கள் அறைக்குக் கூத்தாடி ரூம் என்று பெயர். ஷட்டில் ஆட என்னைக் கூப்பிடுவது நின்றது. ராத்திரி டீக்குப் போகிற கூட்டம் எங்கள் அறையைத் தட்டாமல் போனது. அவன் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

ஒரு ராத்திரி கரண்ட் போயிருந்தது. மொட்டை மாடியில் இருந்தோம். "டேய், எல்லாரையும் மாதிரி கொஞ்சம் இருந்துட்டுத்தான் போயேன்டா. உன்னால என்னையும் சேர்த்துத்தான்டா ஒதுக்கறாங்க" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரி" என்றான்.

அவ்வளவுதான். மறுநாள் காலை ஐந்தரைக்குக் குளியலறை அமைதியாக இருந்தது. மாமா என்பது அண்ணன் ஆகி, அப்புறம் அதுவும் இல்லை. ஒரு ஜீன்ஸ் வாங்கினான். கேண்டீனில் எல்லோரும் சிரிக்கிற இடத்தில் அவனும் சிரித்தான். ஷட்டிலுக்கு என்னை மறுபடி கூப்பிட்டார்கள். அவனைக் கூப்பிடவில்லை. நான் போனேன். கடைசி வருஷம் ஹாஸ்டல் டேக்குப் பாடச் சொல்லி ஜூனியர் பசங்கள் வந்து கேட்டபோது, "எனக்குப் பாட வராது தம்பி" என்று சொல்லி அனுப்பினான். நான் கட்டிலில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன்.

2009-இல் நம் பேட்சுக்கு நடந்தது தெரியும். கையில் ஆர்டர் இருந்தவர்களுக்கும் வேலையில் சேரும் தேதி தள்ளித் தள்ளிப் போனது. ஆளுக்கொரு திசையில் போனோம். என் ஸ்லாம் புக்கில் எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அவன் எழுதியது ஒரே வரி: "நீ சொன்னது சரிதான்டா." அதை நான் அப்போது பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். ஏழு வருஷம் கழித்து, சேண்ட்லரில், ஒரு டாலர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன்.

என் மகளுக்கு இப்போது பதினோரு வயசு. போன லீவில் அவளே எடுத்துப் படித்தாள். லியோவை அவளுக்குப் பிடிக்கவில்லையாம். நான் எதுவும் சொல்லவில்லை.

சங்கத்தின் முகவரிப் பட்டியலில் அவன் பெயருக்கு நேரே பழைய ஊர் முகவரி மட்டும் இருக்கிறது. போன் நம்பர் இடம் காலி. போன மார்ச்சில் அந்த ஊருக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மா திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். அவன் அப்பா தவறி நாலு வருஷம் ஆகிறதாம். "வீட்டுச் சாமானை எல்லாம் அப்படியே போட்டுட்டுத்தான் போச்சு பிள்ளை. கிரீடமும் புஜக்கீர்த்தியும் வெச்ச அவங்கப்பா பொட்டியை மட்டும் தானே தோள்ல தூக்கிக்கிட்டுப் போச்சு" என்றார்கள். எந்த ஊருக்கு என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

இங்கே இருநூறு பேருக்கு மேல் இருக்கிறீர்கள். யாரிடமாவது அவன் நம்பர் இருந்தால், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் என்னிடம் கொடுங்கள். வாசல் பக்கம் ரிஜிஸ்ட்ரேஷன் மேஜைக்குப் பக்கத்தில்தான் நிற்பேன்.